பதினொன்றரை கிராம்

பாரஸ்மல் சேட் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டீ குடிக்கப் போகும் இருபது நிமிடம்
அந்தத் தராசு என்னுடையது.

கண்ணாடிக் கூண்டுக்குள் தட்டு.
மூச்சுப் பட்டாலே கடைசி எண் துடிக்கும்.
பகலெல்லாம் தாலி, மூக்குத்தி,
அறுந்த கொலுசின் ஒற்றை முத்து.
இப்போது கைக்குட்டையை அவிழ்த்தால்
கஸ்பார் வார்த்த குண்டுகள்.

பதினொன்று புள்ளி ஐந்து இரண்டு.
பதினொன்று புள்ளி ஐந்து.
பதினொன்று புள்ளி ஒன்று எட்டு. தள்ளு.
வெளியே வழவழவென்றுதான் இருக்கும்,
உள்ளே ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்திருக்கும்.
கடையிலும் அரக்கு நிரப்பிய வளையல் வரும்.
எண்ணைச் சொல்லுவேன்,
கொண்டுவந்தவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஈயம் இரண்டு வழியில் வந்தது.
காசிமேட்டில் கிழிந்த வலைகளோடு
கிலோ கணக்கில் கிடைக்கிற ஈயமணி:
நகம் வைத்தால் கோடு விழும்,
தரையில் போட்டால் ஈரத்துணிபோல் தொப்.
மணலி ரோட்டுப் பஞ்சர் கடைகளில்
சக்கரத்துக்குச் சமன் பார்த்து அடிக்கிற துண்டு:
அதில் நகம்தான் தேயும். போட்டால்
காசு விழுந்ததென்று யாராவது திரும்புவார்கள்.

மொட்டை மாடியில் உருக்கினான்.
மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டு, கசடை வழித்து,
காற்று கடல் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து.
"கருவாடு காயுது, பொகைய அந்தாண்ட தள்ளு"
பக்கத்து மாடி ஃபிலோமி அக்கா.
துறைமுகத்தில் நாற்பது டன்னை
லாரிமேல் பூ மாதிரி வைக்கிற கை,
கரண்டி பிடிக்க நடுங்கியது.

சோதனை மாதர்பாக்கத்தில்.
துப்பாக்கி, லைசென்ஸ், கடலைக்காடு மூன்றும்
என் அண்ணன் இன்னாசியுடையவை.
பன்றிகள் யாருடையவையும் இல்லை.

நான் போனதில்லை.
திரும்பி வந்த ஈயம்தான் எனக்குத் தெரியும்.
நனைத்த பேப்பர் கட்டுகளில் சுட்டு, பிரித்துத் தேடி,
பிஸ்கட் பாக்கெட்டில் போட்டு அனுப்புவான்.
சக்கர ஈயம் போனபடியே வந்தது,
எல்லாக் கட்டையும் துளைத்து வேலிக்கல்லில் நின்றதாம்.
வலை ஈயம் காளானாய் விரிந்து வந்தது.
மடிந்த ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில்
இரண்டு படுக்கையறை, உடனே குடியேற.

துணியும் பார்க்கவேண்டி இருந்தது,
குண்டைச் சுற்றிக் குழலில் இறக்குகிற துணி.
லுங்கி எரிந்துபோனது. தலையணை உறை பரவாயில்லை.
சரியாக வந்தது கஸ்பாரின் பழைய காக்கி,
பின்பக்கம் வெட்டி எண்ணெய் தடவியது.
மூன்று மாதமாக
அந்த பேண்டை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

கெட்டி ஈயம்தான் குறி தப்பாது என்றான் அண்ணன்.
இவன் கேட்கவில்லை.
"தொளைச்சினு போறது பெரிசில்ல மச்சான்.
ஓடிப்போயி எங்கயோ மூணு நாளு கெடந்து சாவும்.
உள்ள நிக்கணும்."
அன்று ராத்திரி இரண்டு பேரும் போனில் கத்தியது
கீழ்வீடு வரை கேட்டது.

வலை ஈயத்தைத் தேர்ந்தெடுத்தேன்.
அது பெரிய வார்த்தை.
அறுபதில் இருபத்திரண்டைப் பொறுக்கி
மருந்து டப்பாவில், பஞ்சு வைத்து.
மீதி முப்பத்தெட்டும் காசிமேட்டுக்கே போனது.
குமிழ் இருந்தால் வலைக்கென்ன,
முங்கினால் போதும்.

பெர்மிட் தாளில் கையெழுத்தான பிறகு ஒரு செவ்வாய்
பாக்கெட்டில் ஒன்றே ஒன்று வந்தது.
கழுவியிருந்தான். நானும் கழுவினேன்.
காகிதம் எதுவும் ஒட்டியில்லை.
சின்னக் காளான், ஒரு பக்கம் உதடு கிழிந்து.
எலும்பில் பட்டிருக்கும்.

பதினொன்று புள்ளி மூன்று ஒன்று.

போகும்போது ஐந்து இரண்டு.
குறைந்தது மாதர்பாக்கத்தில்
புதைத்த குழிக்குள் இருக்கிறது.
ஓடவில்லையாம். நின்ற இடத்திலேயே.
கஸ்பார் அதை இரண்டு தடவை சொன்னான்,
நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

தட்டைத் துடைத்துப் பூச்சியம் அழுத்தினேன்.
கடைசி எண் ஒன்றில் நின்றது.
மறுபடி துடைத்தேன்.
ஷட்டர் தூக்கும் சத்தம்.
"என்னம்மா, இன்னும் வீட்டுக்குப் போகலியா?"

காலையில் முதல் ஆள்
குழந்தையின் அரைஞாணோடு வந்தாள்.
மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன்.